வார்த்தைப்பாடு கொடுத்த கிணறு

பிரெஞ்சுக்காரர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், புறாக்கரையில் ஒரு கன்னியர் மடம் இருந்தது, மடத்தின் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது, கிணற்றடியில் விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரைக்கும் பெர்பெத்துவம்மாள் இருந்தாள். கடலை ஒட்டிய ஊர் அது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். துணி துவைத்தால் துணி விறைக்கும், சோறு வடித்தால் சோறு கரிக்கும், அழுகிற பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டால் கழுவின தண்ணீர் எது கண்ணீர் எது என்று தெரியாது. மடத்துக் கிணறு மட்டும் இளநீர் போல இனித்தது. ஆகவே காலையும் மாலையும் ஊர்ப் பெண்கள் கொல்லைக் கதவு வழியாகக் குடத்தோடு வருவார்கள், பெர்பெத்துவம்மாள் இறைத்து ஊற்றுவாள், மடத்துச் சட்டப்படி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அந்தப் பேசாமை அவளுக்கு எத்தனை பெரிய சிலுவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினத்துத் தோணிக்காரர் வீட்டில், அத்தைகளும் சித்திகளும் பெரியம்மாக்களும் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டில், எல்லோரையும் மீறிப் பேசப் பழகியவள் அவள். கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை அதிகம் வாய் திறக்காதவர் என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். அன்றைக்கே கன்னியர் மடத்துக்குப் போவதென்று முடிவு செய்தாள். ஒரே கூரையின் கீழே அத்தனை பெண்கள் காலம் பூராவும் சேர்ந்திருக்கிறார்களே, அங்கே எப்பேர்ப்பட்ட பேச்சு நடக்கும் என்று எண்ணித்தான் போனாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் தவிர மடத்தில் மனுஷரோடு பேசக் கூடாது என்று. திரும்பிவிடலாம் என்றால், அந்த மாப்பிள்ளைக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

மனுஷரோடு என்றுதான் சட்டம் சொன்னது. பெர்பெத்துவம்மாள் அதைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கிணற்றைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

அதனால் கிணற்றோடு பேசினாள். வாளியை இறக்கும்போது ஒரு சமாச்சாரம், இழுக்கும்போது அதன் மீதி. பூசைக்கு எழுந்திருக்காமல் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட கன்னியர் யார், அவர் மத்தியானம் எத்தனை ருசியாகச் சாப்பிட்டார், சாமியார் பிரசங்கத்தில் எந்த இடத்தில் எந்தக் கிழவர் கொட்டாவி விட்டார் எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே சொன்னாள், சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தால் கிணறும் சிரிக்கும். கிணறுகள் அப்படித்தான், சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இந்தக் கிணறு வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும். பெர்பெத்துவம்மாள் நிறுத்தின பிறகும் அது சிரித்துக்கொண்டிருக்கும், சில சமயம் பழைய வேடிக்கை ஏதோ ஞாபகம் வந்ததுபோல அவள் சமையற்கட்டுக்குப் போன பிறகு தனியாகவும் ஒரு தரம் களுக்கென்று சிரிக்கும்.

மடத்துக்குத் தாயாராக இருந்தவர் பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்த மதர் க்ளொத்தீல்து. ஊர் வாய் அந்தப் பெயரைக் கொலுத்தித் தாயார் என்று சுருட்டிக்கொண்டது. நெடுநெடுவென்ற உயரம், கஞ்சி போட்ட முக்காடு, சிரிப்பு என்பதைத் தூரத்துச் சொந்தக்காரரைப் போலப் பார்க்கிற முகம். தமிழை அவர் கப்பலிலேயே புத்தகம் வைத்துப் படித்திருந்தார். இலக்கணம் சுத்தமாக இருக்கும், ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் அவர் நாக்கு ஒரே வீட்டைத்தான் கொடுத்திருந்தது.

ஒருநாள் சாமியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேற்றிராணியார் மடத்தைப் பார்க்க வந்தார். கோயிலில் நின்று மௌனத்தின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அந்த நேரத்தில் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெர்பெத்துவம்மாள் குனிந்து, காலையிலிருந்து மேற்றிராணியாருடைய தாடியில் ஒரு பருக்கை தொங்குகிறது, ஒவ்வொரு இலத்தீன் வார்த்தைக்கும் ஊஞ்சலாடுகிறது, விழுவேனா என்கிறது என்று கிணற்றிடம் சொல்லிவிட்டாள். சொன்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். கிணறு சிரித்தது பாருங்கள், கல்யாண வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் சிரித்தது மாதிரி, அது சுவரேறி, சன்னல் வழியாக இறங்கி, மௌனத்தின் மகிமைக்கு நடுவில் போய் விழுந்தது. மேற்றிராணியார் திகைத்துத் தாடியைத் தடவினார். பருக்கை விழுந்தது. அது விழுந்ததைக் கன்னியர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மறுநாள் கொலுத்தித் தாயார் பெர்பெத்துவம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"சிஸ்டர் பெர்பெத்துவா, நீர் கிணற்றோடு தனிச்சிநேகம் கொண்டீர். தனிச்சிநேகம் மடத்தில் விலக்கப்பட்டது. நீர் நாலைக் காலையில் வெல்லாந்திடலுக்குப் புறப்படும்."

வெள்ளாந்திடல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரர் சீமையில் இருந்தது. அங்கேயும் இதே சபைக்குச் சின்ன மடம் ஒன்று உண்டு. காது மந்தமான வயசான கன்னியர்கள் அதில் இருந்தார்கள்.

"சரிங்க தாயாரே," என்றாள் பெர்பெத்துவம்மாள். கீழ்ப்படிதல் அவள் கொடுத்த வார்த்தைப்பாடு; வாயை அடக்கத் தெரியாவிட்டாலும் கொடுத்த வார்த்தையை அவள் மீறினதில்லை. "போறதுக்கு முன்னால அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடட்டுங்களா?"

"வேண்டாம். அதுதான் வியாதி."

தகரப்பெட்டியோடு மாட்டுவண்டியில் ஏறினாள். பாலம் தாண்டுகிற வரைக்கும் முக்காட்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். வண்டிக்காரன் என்ன ஏது என்று கேட்டபோது, சட்டம் ஞாபகம் வந்து, காளையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில் வெள்ளாந்திடல் மடத்தின் பின்கதவைத் திறந்தால், அங்கே கிணறு நின்றது. அதே கைப்பிடிச் சுவர், அதே பாசி, அதே ராட்டினம். முருங்கைக் கன்று ஒன்றை நசுக்கிக்கொண்டு, கொஞ்சம் கோணலாக, அவசரத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் கலங்கிப்போய், ஓடி வந்தவர்களின் மார்பு போல ஏறி இறங்கியது.

பெர்பெத்துவம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "உன்னை யாரு வரச் சொன்னது? போ! வூட்டுக்குப் போ!" என்று பாலத்துப் பக்கம் விரலை நீட்டினாள். கிணறு அசையவில்லை. "அங்க சனங்க குடிக்கத் தண்ணி இல்லாம நிக்கும்டீ," என்றாள். அது வெட்கத்தோடு ஒரு குமிழி விட்டது. பெர்பெத்துவம்மாளுக்குக் கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் கை தானாகப் போய் அதன் சுவரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

கிணறு எப்படி வந்தது என்று வெள்ளாந்திடலில் ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நாள் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். அங்கேயும் உப்புத் தண்ணீர்தான். காது மந்தமான கன்னியர்கள் ஆளுக்கொரு சொம்பு குடித்துவிட்டு, விருந்தாளிக்கு இடம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டு, நசுங்கின முருங்கையைப் பிடுங்கிப் போட்டு, சுற்றிலும் கூட்டிச் சாணம் தெளித்தார்கள்.

புறாக்கரையில் கிணறு இருந்த இடத்தில் சமதரையாகப் புல் முளைத்திருந்தது. குடத்தோடு வந்த பெண்கள் கொஞ்ச நேரம் அந்தப் புல்லைப் பார்த்தார்கள். பிறகு கருவாட்டுக்காரி மதலேன் முன்னால் நடக்க, வரிசையாகப் பாலத்தைத் தாண்டி வெள்ளாந்திடலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏன் பெர்பெத்தம்மா, ஊருக்குன்னு இருந்தது ஒத்தைக் கெணறு, அதையும் இப்புடி ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களே," என்றாள் மதலேன்.

"நான் எங்க ஓட்டினேன்? அதுவா வந்துச்சு," என்று பெர்பெத்துவம்மாள் கிணற்றைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"வந்தா நாலு தட்டுத் தட்டி அனுப்ப வேணாமா?"

தண்ணீரைச் சுமந்துகொண்டு திரும்பும்போதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. பாலத்தின் இந்தக் கோடியில் இங்கிலீஷ்காரர் சுங்கச்சாவடி இருந்தது. அதில் வைத்திலிங்கம் என்ற சிப்பாய் இருந்தார். சாராயத்துக்கும் துணிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. பெண்களை நிற்கவைத்து வெகு நேரம் யோசித்தார். கடைசியில் தண்ணீர் பிரெஞ்சுக் கிணற்றில் ஊறியதால் பிரெஞ்சுத் தண்ணீர், அது போகலாம். ஆனால் கலங்கலில் இருக்கிற மண் வெள்ளாந்திடல் மண், அது ராணியம்மாவுடைய மண், அது போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு குடமும் சாவடி வாசலில் தெளிகிற வரைக்கும் உட்கார வேண்டும். தெளிந்த பிறகு தண்ணீரை வேறு குடத்தில் இறுத்துக்கொண்டு, அடியில் தங்கின மண்ணை வைத்திலிங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைச் சாவடிக்குப் பின்னால் கொட்டிக் கத்தரி போட்டார். நன்றாகக் காய்த்தது.

பிரெஞ்சு அதிகாரி, கிணறு எங்கே போனாலும் பிரான்ஸ்தான் என்று சொல்லி, ராட்டினத்தில் ஒரு சின்ன மூவர்ணக் கொடியைக் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பதிலாக இங்கிலீஷ்காரர்கள் வாளியில் கிரீடம் எழுதிவைத்தார்கள். ஆகவே தண்ணீர் இறைக்கிற பெண்கள் வாளி கீழே போகும்போது ஒரு சலாமும் மேலே வரும்போது ஒரு சலாமும் வைக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் சலாம் வைத்து ஒரு கையால் இறைத்ததில் பாதித் தண்ணீர் சிந்தியது. தாசில்தார் ஸ்ரீபதி ராவ் நேரில் வந்து கிணற்றைச் சுற்றி நடந்தார். சட்டம் படித்தவர்.

"கிணறு என்பது அசையாச் சொத்து," என்றார். "அசையாச் சொத்து அசையாது. ஆகையால் இது அசையவில்லை."

"அப்ப எங்கூர்ல இருந்தது என்னங்க?" என்று மதலேன் கேட்டாள்.

"அது வேறே ஏதாவது இருக்கும்."

இதெல்லாம் கொலுத்தித் தாயாரின் காதுக்கு வந்தது. பெர்பெத்துவம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டால் கிணறும் பின்னால் வந்துவிடும், காரியம் முடிந்தது என்று மற்றக் கன்னியர்கள் நினைத்தார்கள். தாயார் அப்படி நினைக்கவில்லை. கொடுத்த கட்டளையை ஒரு கிணறு அடம்பிடிக்கிறது என்பதற்காக மாற்றினால், நாளைக்கு அம்மி அடம்பிடிக்கும், உரல் அடம்பிடிக்கும். பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு அவரே வெள்ளாந்திடலுக்கு வந்தார்.

"தாயாரே, நான் கட்டளைப்படி வந்துட்டேன்," என்றாள் பெர்பெத்துவம்மாள். "அது வார்த்தைப்பாடு கொடுத்ததில்லீங்களே. அதுங்கிட்டப் போய்க் கீழ்ப்படிதலை எப்புடிக் கேக்கிறது?"

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் கொலுத்தித் தாயாருக்கு வேடிக்கை தெரியாது. அவர் முகம் தெளிந்தது. "நியாயம்," என்றார். "அப்படியானால் கொடுக்கட்டும்."

இரண்டு சீமைச் சனங்களும் கூடி நிற்க, கிணற்றுக்கு வெள்ளை முக்காடு போட்டார்கள். சாமியார் கைப்பிடிச் சுவரில் குனிந்து, தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் மூன்றையும் விளக்கிச் சொல்லி, "உமக்குச் சம்மதம்?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

"சம்மதம்," என்றது கிணறு.

சாமியாருக்கு அது போதுமாக இருந்தது. சிஸ்டர் சலேத்தம்மாள் என்று பெயர் வைத்தார்கள். கொலுத்தித் தாயார் புதிய கன்னியரின் பக்கமாகத் திரும்பி, "சிஸ்டர் சலேத்தம்மா, நீர் புறாக்கரைக்குத் திரும்பும். சிஸ்டர் பெர்பெத்துவா இங்கேயே இருப்பார். தனிச்சிநேகம் கூடாது," என்றார். பெர்பெத்துவம்மாள் எல்லோரோடும் சேர்ந்து ஸ்தோத்திரம் பாட வாயைத் திறந்தாள், பாட்டு வரவில்லை.

மறுநாள் காலையில் கிணறு புறாக்கரையில் பழைய இடத்தில் இருந்தது. கோணல் இல்லை, நூல் பிடித்தது மாதிரி நேராக, முக்காடு கலையாமல். ஊர் பட்டாசு வெடித்துக் கொண்டாடியது.

கொஞ்ச நாளில்தான் அது எப்பேர்ப்பட்ட கன்னியராக மாறிவிட்டது என்று தெரிய ஆரம்பித்தது. முதலில் மௌனம் பிடித்தது. ராட்டினம் கிறீச்சிடுவதில்லை, வாளி விழுந்தால் சத்தமில்லை, குனிந்து கூப்பிட்டால் எதிரொலி இல்லை. அடுத்ததாகக் கற்பு: ஆம்பிளை கை பட்ட கயிற்றில் வாளி காலியாகத்தான் ஏறியது. பிறகு தரித்திரம்: தேவைக்கு மேல் ஒரு சொட்டுத் தராது, பணக்கார வீட்டு அம்மாள் ஒருத்தி பூச்செடிக்கென்று இன்னொரு குடம் இறைத்தபோது வாளியில் ஒரு கூழாங்கல் மட்டும் வந்தது. கோயில் மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் தண்ணீர் ஊறியது. கொலுத்தித் தாயாருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கன்னியர் அவருக்குக் கிடைத்ததில்லை. பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைப் பார்த்து, "சிஸ்டர் சலேத்தம்மாலைப் பாருங்கல்," என்பார். மற்றக் கன்னியர்கள் பார்த்தார்கள். பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

நோன்பு நாட்களான தபசுகாலம் வந்தது. சலேத்தம்மாள் ஒருசந்தி பிடித்தாள். நாளுக்கு ஒரு வேளைதான் தண்ணீர். வெயில் ஏற ஏற ஊர் நாக்கு வறண்டது. தாயார் குனிந்து, "உமக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு அலிக்கிறேன்," என்றார். கீழ்ப்படிதல் உள்ள கிணறு உடனே ஒரு வாளி கொடுத்தது. வாயில் வைத்தவர்கள் துப்பினார்கள். கடல் தண்ணீர் தோற்றது, அத்தனை உப்பு.

மதலேன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது ஊத்துத் தண்ணி இல்லீங்க தாயாரே," என்றாள். "அழுவுது."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாளியும் அப்படித்தான் இருந்தது.

பெரிய வியாழக்கிழமை வந்தபோது ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அன்றைக்குக் கோயிலில் அப்போஸ்தலர்களாகத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பெரியவர்களுக்குப் பாதம் கழுவ வேண்டும். வலை இழுத்த கால்கள், சேறு காய்ந்த கால்கள், வருஷத்துக்கு ஒரு தரம் இந்தச் சடங்கை நம்பியே இருந்த கால்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பில் எரியும் என்று அவர்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டு சாமியாரைக் கிட்டே விடவில்லை. அதே சமயம் மதலேனின் மகளுக்கு இடுப்புவலி கண்டிருந்தது. மருத்துவச்சி நல்ல தண்ணீர் கொண்டா, நல்ல தண்ணீர் கொண்டா என்று கத்திக்கொண்டிருந்தாள். மதலேன் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக மடத்துக்குள்ளே வந்து தாயாருக்கு முன்னால் நின்றாள்.

"பெர்பெத்தம்மாவ வரச் சொல்லுங்க. இல்லாட்டி ஒங்க சலேத்தம்மாவ நானே உள்ள எறங்கி ஒதைக்கிறேன்."

கொலுத்தித் தாயார் அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். வெள்ளாந்திடலுக்கு வண்டியை அனுப்பினார்.

பெர்பெத்துவம்மாள் வந்து இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகக் கிணற்றடிக்குப் போனாள். வழியெல்லாம் அதற்குச் சொல்வதற்காகச் சேர்த்துவைத்த சமாச்சாரங்கள் நெஞ்சு முட்ட இருந்தன. வைத்திலிங்கத்தின் கத்தரிக்காயைப் பற்றிச் சொன்னாள். காது மந்தமான கன்னியர்கள் இருவர் ஒரே பாட்டு என்று நினைத்து வேறு வேறு பாட்டைக் கடைசிவரை பாடினதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்தாள். தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை.

"ஏய், நாந்தான்டீ," என்றாள்.

முக்காட்டுக்குள் கிணறு கண்ணை மூடிக்கொண்டது போல இருண்டு கிடந்தது. தன்னைவிட அது நல்ல கன்னியராகிவிட்டது, தன்னால் ஒருநாளும் முடியாததை அது செய்து காட்டிவிட்டது, இனி அதற்குத் தான் எதற்கு என்று பெர்பெத்துவம்மாளுக்குத் தோன்றியது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாயாரிடம் வந்தாள்.

"எனக்குப் பதில் சொல்லாதுங்க. சொன்னா சட்டம் மீறினதா ஆயிடும்னு பயப்படுது. நீங்கதான் அதுக்குத் தாயாரு. நீங்க பேசுங்க."

"நான் கட்டலை இட்டேன். பயனில்லை."

"கட்டளையில்லீங்க. பேசுங்க. சும்மா பேசுங்க."

"எதை?"

"எதையாவது. ஒங்க ஊரப் பத்தி."

கொலுத்தித் தாயாரின் ஊரைப் பற்றி அதுவரைக்கும் அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. சுற்றிலும் காலிக் குடங்களோடு பெண்கள், கழுவாத காலோடு அப்போஸ்தலர்கள், தூரத்தில் மதலேனின் மகள் முனகுகிற சத்தம். தாயார் மெதுவாகப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரு தாய் இருந்தால்," என்று கிணற்றிடம் சொல்லத் தொடங்கினார். "நாங்கல் ஏலைகல். நான் சிறு பெண்ணாக இருக்கையில் ஒரு பல்லியில் படித்தேன்."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மதலேன் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தாள்.

"அந்தப் பல்லி மிகவும் பெரியது. அதற்குல் நாற்பது பில்லைகல் இருந்தோம். குலிர்காலத்தில் மலை பெய்யும். இரவும் பகலும் மலை பெய்யும். என் தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, அத்தனை மலையில் நடந்து, என்னை அந்தப் பல்லியிலிருந்து அலைத்துப் போவால்."

அப்போஸ்தலர்களில் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொருவர் தோளில் முகத்தைப் புதைத்தார். ஆனால் தாயாரின் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கிணற்றின் அடியில் எங்கேயோ ஒரு சின்னச் சலசலப்பு கேட்டது.

"நான் கப்பலேறிய நாலில் அவல் துறைமுகத்துக்கு வந்தால்," என்றார் தாயார். "நான் திரும்பி வரமாட்டேன் என்று அவலுக்குத் தெரியும். அவல் அலவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தால். பிடித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால்." கொலுத்தித் தாயார் கிணற்றுக்குள் குனிந்து, தன் தாய் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை, இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாத அந்த வார்த்தையை, நெஞ்சு நிறையச் சொன்னார்.

"வால்!"

"வால்," என்றது கிணறு.

பிறகு அதனால் முடியவில்லை. முதலில் ஒரு களுக், அடுத்து ஒரு குமுறல், அதற்கப்புறம் தபசுகாலம் முழுக்க அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து ஒரே சிரிப்பாக அடியிலிருந்து புறப்பட்டு வந்தது. முக்காடு பறந்து பூவரச மரத்தில் மாட்டியது, ராட்டினம் கிறீச்சிட்டுச் சுழன்றது, கிணறு விளிம்பு தாண்டிப் பொங்கி, கொலுத்தித் தாயாரைக் கஞ்சி போட்ட முக்காட்டிலிருந்து காலுறை வரைக்கும் நனைத்துக் கீழே தள்ளி, பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பாதங்களையும் கழுவிக்கொண்டு கொல்லை பூராவும் ஓடியது. இனித்தது. மதலேன் ஓடுகிற தண்ணீரிலேயே குடத்தைச் சாய்த்து நிரப்பிக்கொண்டு மகளிடம் பறந்தாள்.

மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாயாரைப் பார்த்தார்கள். சேற்றில் உட்கார்ந்திருந்தார். பெர்பெத்துவம்மாள் முட்டிபோட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"நான் என்ன பிலை சொன்னேன்?" என்று தாயார் கேட்டார்.

பெர்பெத்துவம்மாள் சொன்னாள். பள்ளிக்கும் பல்லிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரில் இருந்த ஒன்றைக் காட்டியே விளக்கினாள். மலையை விளக்கினாள். கடைசி வார்த்தைக்கு மட்டும் வாயால் சொல்லத் தயங்கி, கையைப் பின்னால் வைத்து ஆட்டிக் காட்டினாள். கொலுத்தித் தாயார் வெகு நேரம் அந்தக் கையைப் பார்த்தார். அவர் தோள் ஒரு தரம் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒரு கன்னியர் துண்டு கொண்டுவந்தார். அழுகை இல்லை. பழக்கமில்லாததால் அவர் சிரிப்பு தும்மல் மாதிரி வந்தது, அப்புறம் விக்கல் மாதிரி வந்தது, கடைசியில் சரியான வழியைக் கண்டுபிடித்துச் சிரிப்பு மாதிரியே வந்தது. கிணறும் கூடச் சேர்ந்துகொண்டது. பொழுது சாய்வதற்குள் மதலேனுக்குப் பேத்தி பிறந்தாள்.

பரிசுத்த வாரத்தில் சிரித்துவிட்ட கிணற்றுக் கன்னியரை என்ன செய்வது என்று மேற்றிராணியாரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். புறாக்கரைக் கிணறு என்ற பேச்சை எடுத்ததுமே அவர் தாடியைத் தடவிக்கொண்டு, தான் நேரில் வர வேண்டியதில்லை என்றால் எதற்கும் சம்மதம் என்றார். வார்த்தைப்பாட்டிலிருந்து கிணற்றுக்கு விடுதலை கிடைத்தது. பெர்பெத்துவம்மாள் வாரத்தில் பாதி புறாக்கரையிலும் பாதி வெள்ளாந்திடலிலும் இருக்க வேண்டும் என்று தாயார் ஏற்பாடு செய்தார். அவள் போகிற நாளில் கிணறும் போகும். சனங்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள்; அந்தச் சாயங்காலங்களில் பாலத்துப் பாதையில் நெல் காயப்போடமாட்டார்கள், கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். வைத்திலிங்கம் சாவடிக் கம்பை முன்கூட்டியே தூக்கிவைத்து, ஒதுங்கி நின்று கும்பிடுவார். தாசில்தார் மட்டும் அது அசைகிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. எதிரில் வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார்.

கொலுத்தித் தாயார் மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்கு வர ஆரம்பித்தார். முதலில் தள்ளி நின்றார், பிறகு நாற்காலி போடச் சொன்னார், பிறகு நாற்காலி வேண்டாமென்று கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்தார். ஒருநாள் மத்தியானம், பெர்பெத்துவம்மாள் கிணற்றைப் பார்த்த மாதிரி, தன் சின்ன அத்தை கல்யாணத்தில் மாப்பிள்ளை மாறிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாலி கட்டுகிற இடத்துக்கு வரும்போது, பேச்சு நேரம் முடிந்ததென்று மௌன மணி அடித்தது. பெர்பெத்துவம்மாள் வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்தாள்.

தாயார் எழுந்திருக்கவில்லை. மணிக்கூண்டைப் பார்த்தார், அக்கம் பக்கம் பார்த்தார், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

கிணறு எவ்வளவு நல்ல துணையாக இருந்தாலும், எத்தனை சிரித்தாலும், அதற்கு இந்த ஒரு வார்த்தை கேட்கத் தெரிந்ததில்லை. மடத்துக்கு வந்த நாளிலிருந்து பெர்பெத்துவம்மாளிடம் யாருமே கேட்டதில்லை. அதைக் கேட்ட பதற்றத்தில் அவளுக்குக் கதையே மறந்துபோயிற்று; வாளியைக் கீழே வைத்துவிட்டு, தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.